பஞ்சர் ஒட்டுக்கு அடியில்

என் தையல் பெட்டியில், பாபின்களுக்கும் உதிரிப் பொத்தான்களுக்கும் நடுவில், இருபத்துநான்கு கால்கள் கொண்ட பழைய ஐ.சி. சில்லு ஒன்று கிடக்கிறது. மருமகள் ஒருமுறை அதைச் செத்துக் காய்ந்த பூச்சி என்று நினைத்துக் குப்பையில் போடப் போனாள். கிட்டப் பார்த்தால், அதன் முதுகில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி இருப்பது தெரியும். கண்ணாடி என்று நான் சொன்னால்தான் தெரியும். ஏனென்றால் அதன்மேல் சைக்கிள் டியூபுக்கு ஒட்டும் கறுப்பு ரப்பர்த் துண்டு ஒன்று சொல்யூஷன் போட்டு அழுத்தமாக ஒட்டப்பட்டிருக்கிறது. ஒட்டின் ஒரு மூலை மட்டும் நகத்தால் நெம்பியதுபோல் மேலே எழும்பி நிற்கிறது.

ஒட்டை ஒட்டியவர் எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் மோதினார். மூலையை நெம்பியது நான். இந்த இரண்டுக்கும் நடுவில் கடந்தது ஒரு மாதம்கூட இல்லை. எண்பதுகளின் கடைசியில் சித்திரை வெயிலோடு சேர்ந்து வந்த நோன்பு மாதம் அது. அதைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவில், டவுன் பஸ் நின்றால் நிற்கும், நிற்காவிட்டால் போய்விடும் என்கிற மாதிரியான ஊர் எங்களுடையது. சுற்றிலும் நெல்லும் கரும்பும். நடுவே ஒரே ஒரு தெருவில் நாங்கள் நாற்பது, ஐம்பது முஸ்லிம் குடும்பங்கள். தெருக் கோடியில் சின்னப் பள்ளிவாசல். மோதினாருடைய வேலை ஐந்து வேளையும் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்வது, விளக்குப் போடுவது, கூட்டிப் பெருக்குவது. நோன்பு மாதத்தில் இன்னொரு வேலையும் சேரும். மாலையில் சரியான நேரத்துக்குச் சைரன் சுவிட்சை அழுத்தவேண்டும். அந்தச் சத்தத்துக்குத்தான் தெருவே பேரீச்சம்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். பொழுது சாய்வதற்கு ஒரு நிமிடம் முன்னால் வாயில் போட்டாலும் அன்றைய பகல் முழுதும் பட்டினி கிடந்தது வீண். அந்த நோன்பைப் பிறகு ஒருநாள் திருப்பிப் பிடிக்கவேண்டும்.

இந்த வேலைக்கு அவரைப் போல் பொருத்தமில்லாத ஆளை நான் பார்த்ததில்லை. பயந்த சுபாவம். மோரைக்கூட ஊதிக் குடிக்கிற மனிதர். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். எட்டு மணி பஸ்ஸுக்கு ஏழு மணிக்கே நிற்பார். நோன்பு மாதம் முழுவதும் அவருக்குக் காய்ச்சல் கண்ட மாதிரிதான். கையில் கடிகாரம், காதில் டிரான்சிஸ்டர், எதிரே சுவரில் நோன்பு நேர அட்டவணை. அவ்வளவும் வைத்துக்கொண்டு போகிற வருகிறவர்களிடமெல்லாம் மணி கேட்பார். சுவிட்சை அழுத்தியபிறகும் நிம்மதி கிடையாது. "ஒரு தெரு நோன்பும் என் ஒரு வெரல்ல கீதுங்க" என்று என் அத்தாவிடம் சொல்வார்; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அதைச் சொல்லும்போது அந்த விரலையே முறைத்துப் பார்ப்பார்.

அத்தாவுக்கு ஊராட்சி நிர்வாகம் நடக்கும் கொம்யூன் ஆபீசில் எழுத்தர் வேலை. அதைப் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பேரில் மேரி என்று சொல்கிற கிழவர்கள் அப்போதும் ஊரில் இருந்தார்கள். எனக்கு இருபத்துநான்கு வயது. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டுப் புதுச்சேரியில் ஒரு பெண்கள் பாலிடெக்னிக்கின் லேபில் வேலை பார்த்தேன். இரண்டு பஸ் மாறிப் போய், இரண்டு பஸ் மாறி வருவேன். வந்ததும் வீட்டின் பின்கட்டில் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்துவிடுவேன். தெருவுக்கு அது ரேடியோ ரிப்பேர். உண்மையில் நான் ஒரு கடிகாரம் செய்துகொண்டிருந்தேன். மைக்ரோகன்ட்ரோலர் என்று இன்று பள்ளிப் பிள்ளைகள் விளையாட்டாக வாங்கி மேசையில் போட்டு வைத்திருக்கிறார்களே, அதன் பாட்டன் மாதிரி ஒரு சில்லை மெட்ராஸ் ரிச்சி தெருவில் வாங்கி வந்து, அதைச் சுற்றி ஒவ்வொரு கம்பியாக நானே இழுத்துக் கட்டிய கடிகாரம். ஒரு பயனும் இல்லாத ஆசைதான். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த வீட்டில் அந்த ஆசைக்கு இன்னும் எத்தனை மாதம் ஆயுள் என்று எனக்கும் தெரிந்திருந்தது.

அத்தா வாயிலாக மோதினார் மாமா காதுக்கு இது போயிற்று. ஒரு மாலை வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றார். முதலில் அத்தாவிடம் கேட்பதுபோல் என்னைக் கேட்டார். பிறகு பொறுமை இழந்து நேராகவே கேட்டுவிட்டார்.

"ஏம் புள்ள, அது சாவி குடுக்காமலே ஓடுமாமே. நோன்பு தொறக்குற டைமு முப்பது நாளைக்கும் அதுல எழுதிவச்சா, தானா சைரன் ஊதுமா?"

ஊதும் என்றேன்.

"நான் அழுத்த வாணாமா?"

"வாணாம் மாமா. நீங்க தொடவே வாணாம்."

அவர் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. தண்டனை குறைந்தவன் முகம் மாதிரி இருந்தது.

செய்வது சிரமமில்லை; எழுதுவதுதான் சிரமம். அந்தக் காலத்தில் ஒரு புரோகிராமைச் சில்லுக்குள் ஏற்றுவது எப்படி என்று சொன்னால் என் மகன் சிரிக்கிறான். புரோகிராமை ஐ.சி.யில் ஏற்றத் தனியாக ஒரு கருவி வேண்டும். வாங்க வழியில்லாமல் நானே பலகையில் ஒன்று செய்திருந்தேன். எட்டு சுவிட்சுகள், ஒரு பொத்தான், தேவையான வோல்ட்டுக்காக வரிசையாகக் கோத்த மூன்று சின்ன பேட்டரிகள். நோட்டில் பென்சிலால் எழுதிய கட்டளைகளை ஒவ்வொன்றாக எண்ணாக மாற்றி, எண்ணை ஒன்றும் பூஜ்யமுமாக மாற்றி, ஒன்றுக்குச் சுவிட்ச் மேலே, பூஜ்யத்துக்குக் கீழே என்று வைத்துப் பொத்தானை அழுத்தவேண்டும். ஒரு அழுத்துக்கு ஒரு எண். நானூற்றுச் சொச்சம் அழுத்து. நடுவில் அம்மா "சோறு ஆறுது" என்று கூப்பிட்டு, நான் "ம்" என்று சொல்வதற்குள் ஒரு சுவிட்ச் தவறினால் போச்சு.

ஏன் போச்சு என்பதையும் சொல்லவேண்டும். பின்னால் வருவதெல்லாம் அதில்தான் இருக்கிறது. புது ஐ.சி.யில் எல்லா இடத்திலும் ஒன்று என்றே இருக்கும். பொத்தானை அழுத்தும்போது வேண்டிய ஒன்றுகள் பூஜ்யமாகும். ஒன்றை எப்போது வேண்டுமானாலும் பூஜ்யமாக்கலாம். பூஜ்யத்தை ஒன்றாக்க முடியாது. அதற்கு ஒரே வழி, முதுகிலிருக்கும் கண்ணாடி வழியாக உள்ளே வெளிச்சம் போகவேண்டும். பெரிய இடங்களில் அதற்கென்று விளக்கு உண்டு. எனக்கு மொட்டைமாடி உண்டு. நல்ல வெயிலில் ஒரு வாரம் காய்ந்தால் எழுதியதெல்லாம் அழிந்து பழையபடி வெறும் ஒன்றுகளாகிவிடும். அந்தக் கோடையில் நான் தவறு செய்து செய்து மூன்று தடவை காயப்போட்டேன். "கருவாடு போடுற தட்டுல இன்னாத்தடி வச்சிருக்க?" என்று அம்மா கேட்டாள். நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு சுவிட்ச் தவறினால் ஒரு வாரம். கையில் இருந்ததோ பத்து நாள்.

நான்காம் முறை சரியாக வந்தது. கண்ணாடியில் இனி வெளிச்சம் படக்கூடாது, எதையாவது ஒட்டவேண்டும் என்றேன். மோதினார் மாமா சைக்கிள் சீட்டுக்கு அடியிலிருந்து பஞ்சர் சாமானை எடுத்தார். ரப்பரைக் கத்தரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதிக் காயவைத்து ஒட்டினார். ஒட்டிவிட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். "இது பூட்டு மாதிரி நிக்கும்" என்றார்.

கடிகாரத்தை ஒரு பெட்டிக்குள் பொருத்திக் கொடுத்தேன். பெட்டி அவருடைய அறையில் இருந்தது. தொழுகை நடக்கும் கூடத்துக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அங்கே நான் போவதற்கில்லை. எங்கள் ஊரில் பெண்கள் பள்ளிவாசல் கேட்டைத் தாண்டுவதில்லை. சட்டம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, தாண்டியவளும் இல்லை. ஆகவே நான் செய்த கருவிக்கு அவர்தான் என் கண்ணும் கையும். நான் கேட்டுக்கு வெளியே நின்று கேட்பேன். அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு ஓடிவருவார். "செவப்பு எழுத்து இன்னா காட்டுது மாமா?" "ஆறு, அப்பறம் ரெண்டு புள்ளி, அப்பறம் பத்தொம்போது. மேலு புள்ளி கொஞ்சம் மங்கலா கீது புள்ள, பரவால்லியா?" மங்கலான புள்ளிக்காக மூன்று தடவை வந்து கேட்டார்.

பிறை கண்ட நாளிலிருந்து பத்து நாள் பெட்டி பிசகவில்லை. கரண்ட் போனாலும் ஸ்கூட்டர் பேட்டரியில் மணி ஓடியது. நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் அவருக்கு மட்டும் கேட்கும்படி உள்ளே ஒரு நீள பீப் வரும். அப்போது அவர் கைகால் கழுவி மைக்குக்குப் பக்கத்தில் வந்து உட்காருவார். பிறகு சைரன். அவரும் ஒரு பழத்தை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, பாங்கு சொல்வார். "இத்தினி வருசத்துல இப்பதான் புள்ள, நெஞ்சு அடிச்சிக்காம நோன்பு தொறக்குறேன்" என்றார். கைக்கடிகாரம் கட்டுவதைக்கூட விட்டுவிட்டார். ஆள் கொஞ்சம் சதைபோட்ட மாதிரிகூடத் தெரிந்தது. எனக்கோ நேர்மாறு. அவருடைய காய்ச்சல் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. சைரன் கேட்கிறவரைக்கும் என் கைக்கடிகாரத்தை நூறு தடவை பார்ப்பேன். கேட்டபிறகு, சரியான நேரம்தான் என்று தெரிந்த பிறகும், இன்னொரு தடவை பார்ப்பேன்.

பதினோராம் நாள், நோன்பு திறந்து மக்ரிப் என்ற அந்தித் தொழுகை முடிந்த கையோடு, பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு சைக்கிளில் வந்து நின்றார். பெட்டி ஒவ்வொரு விநாடிக்கும் "டிக்" என்று சத்தம் போடும். ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று சோதிக்க நான் ஆரம்பத்தில் வைத்தது. கேட்கப் பிடித்திருந்ததால் அப்படியே விட்டிருந்தேன். இரவுத் தொழுகையின்போது, எல்லோரும் அசையாமல் நின்று ஓதுவதைக் கேட்கும் நேரத்தில், சுவர் வழியாக அது டிக் டிக் என்று வருகிறதாம். முன்வரிசைப் பெரியவர்கள் நேற்று முகம் சுளித்துவிட்டார்கள். இன்று தொழுகைக்குள் அதை நிறுத்த முடியுமா என்று கேட்டார். ஒரு மணி நேரம் இருந்தது.

ஸ்பீக்கர் வயரை வெட்டிவிடலாம். ஆனால் அந்த ஐந்து நிமிட பீப்பும் அதே ஸ்பீக்கரில்தான் வரும். அது இல்லாமல் அவர் தவித்துப் போவார். புரோகிராமில் டிக்கை மட்டும் எடுக்கவேண்டும். அழித்து எழுத ஒரு வார வெயில் ஏது? எனக்கு ஒரு குறுக்குவழி தெரிந்திருந்தது. அந்தச் சில்லின் பாஷையில் பூஜ்யம் என்றால் "ஒன்றும் செய்யாதே, அடுத்ததுக்குப் போ" என்று அர்த்தம். எந்தக் கட்டளையின் மேலும் பூஜ்யத்தை எழுதி மூடிவிடலாம். அதற்கு வெயில் தேவையில்லை. "டிக் சத்தம் போடு" என்ற கட்டளை மூன்று எண். மூன்று அழுத்து. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. டிரான்சிஸ்டரைக் காதருகே வைத்துச் செய்திக்கு முன்னால் வரும் பிப் சத்தத்துக்கு மணியைச் சரிசெய்து, மூடியை முடுக்கிக் கொடுத்தேன். பெட்டி சத்தமில்லாமல் ஓடியது. ரொம்பக் கெட்டிக்காரி என்று எனக்கே தோன்றியது.

அவர் போகவில்லை. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"ராவெல்லாம் வச்சி ரேடியோவோட பாக்க வாணாமா புள்ள? ஒவ்வொரு தபாவும் பாப்பியே."

"புதுசா எதையாவது சேத்தாதான் மாமா பாக்கணும். இது எடுத்ததுதானே. மோரைப் போயி ஊதிக் குடிக்கிறீங்களே."

அவர் வெட்கத்தோடு சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் மாலை மேற்கே கோடை மழைக்கு மேகம் கட்டியிருந்தது. சூரியன் இருக்கிறதா போய்விட்டதா என்று சொல்ல முடியாத சாம்பல் வெளிச்சம். நான் லேபிலிருந்து வந்து முகம் கழுவி, அம்மாவோடு கஞ்சிக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்தேன். சைரன் ஊதியது. அம்மா பழத்தை வாயில் வைத்தாள். நான் பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு இருபத்திரண்டு. அன்றைய நேரம் ஆறு இருபத்தெட்டு. சுவிட்சை மேலும் கீழும் தள்ளி அந்த இருபத்தெட்டை எழுதியவள் நான்தான். என் கடிகாரம் நின்றுவிட்டதோ என்று காதில் வைத்துப் பார்த்தேன். அடுக்களைச் சுவர்க் கடிகாரமும் அதையேதான் சொன்னது. அதற்குள் பாங்கு ஆரம்பித்துவிட்டது.

"துப்பும்மா" என்று கத்திக்கொண்டே எழுந்து ஓடினேன். தெருவில் வீட்டுக்கு வீடு பாத்திரச் சத்தம். முக்காடு சரிந்தது தெரிந்தது, இழுத்துவிடத் தோன்றவில்லை. கேட்டுக்கு வந்து "மாமா" என்று கூப்பிட்டேன். மைக் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கேட்டைத் தாண்டினேன். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்கிற தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போனேன். தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ஆண்கள் அத்தனை பேரும் தலைநிமிர்ந்தார்கள். அவர்களில் அத்தாவும் இருந்தார். "நேரம் ஆவல மாமா, இன்னும் நேரம் ஆவல" என்றேன். கத்தினேனா அழுதேனா என்று இப்போது தெரியவில்லை.

பாங்கு பாதியில் நின்றது. பாங்கு பாதியில் நின்று அந்த ஊரில் அதுவரை யாரும் கேட்டதில்லை. மைக் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. அதில் அவர் மூச்சு வாங்குவது தெருவுக்கே கேட்டது. அந்த நேரம் பார்த்து மேகத்துக்கு அடியில் ஒரு விரற்கடை அளவுக்கு வானம் திறந்தது. பள்ளிவாசலின் வெள்ளைச் சுவரில் மஞ்சள் வெயில் விழுந்தது. ஒருவர் வாயிலிருந்ததை மெல்லத் துண்டில் துப்பினார். மற்றவர்கள் துப்பவுமில்லை, விழுங்கவுமில்லை.

மோதினார் மாமா வாசற்படிக்கு வந்து அந்த வெயிலைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். "நான்தான்" என்றார். "காலையில பொட்டிக்குத் தூசி தொடச்சேன். தொடாதன்னு சொல்லிச்சு அந்தப் புள்ள. தொடச்சேன். பட்டன்ல வெரலு பட்டுருக்கும்."

அப்போது நானும் அப்படித்தான் நினைத்தேன். அவ்வளவும் நடந்துகொண்டிருந்த நேரத்தில், அப்பாடா, நானில்லை என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை இங்கே மறைக்காமல் எழுதிவிடவேண்டும்.

பெட்டியை அத்தா வீட்டுக்கு எடுத்துவந்தார். நான் அதை ரேடியோவோடு ஒத்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் பதினான்கு விநாடி முந்தியது. யாருடைய விரலும் அப்படிச் செய்யாது. விரல் பட்டால் மணி ஒரேயடியாக மாறும். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடாது. நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். அந்தப் பெட்டிக்கு விநாடி என்பது தான் நடந்த அடிகளை எண்ணுவதுதான். இத்தனை ஆயிரம் அடி நடந்தால் ஒரு விநாடி. டிக் சத்தம் போட்டு முடிப்பதும் அந்த அடிகளில் சேர்ந்தது. நான் மூன்று பூஜ்யத்தை வைத்து மூடியபோது சத்தம் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு விநாடியிலிருந்தும் ஒரு துளி நேரமும் போய்விட்டது. ஒரு நாளைக்கு அது ஐந்தரை நிமிடம் சேர்ந்துவிட்டது. ராத்திரி வைத்துப் பார்த்திருந்தால் காலையிலேயே தெரிந்திருக்கும். பார்க்கவேண்டாமா என்று கேட்டவரைத்தான் நான் கேலி செய்து அனுப்பினேன்.

அத்தாவிடம் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இது யாருக்கும் தெரியுமா?"

"தெரியாது."

"வுட்டுடு. அவரே ஒத்துக்கினாரு. பொம்பளப் புள்ள செஞ்ச பொட்டியால ஊரு நோன்பு போச்சின்னா, பெருநா முடிஞ்சி பொண்ணு பாக்க வர்ற கடலூர்க்காரங்க நம்ம வாசப்படி மிதிப்பாங்களா? நீ கேட்டுக்குள்ள ஓடுனதுக்கே இன்னும் பதில் சொல்லிக்கினு கெடக்கேன்."

நான் விட்டுவிட்டேன். அத்தா மேல் பழியைப் போட மாட்டேன். அவர் விடச் சொன்னார், அவ்வளவுதான். நான் அதைத்தான் கேட்கக் காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு ஊர் ஜமாத் கூடியது. அங்கே நடந்ததை அத்தா வந்து அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்; நான் பின்கட்டிலிருந்து கேட்டேன். அன்று சாப்பிட்டவர்களெல்லாம் பெருநாளுக்குப் பிறகு ஒரு நோன்பு திருப்பிப் பிடிக்கவேண்டும் என்று முடிவாயிற்றாம். மோதினார் எழுந்து நின்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாராம். பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லி நல்ல மனிதர், கடிந்து ஒன்றும் சொல்லவில்லையாம். 'உங்களுக்கும் பதற்றம் ஜாஸ்தியாயிடுச்சு, பெருநா வரைக்கும் இருங்க, அப்பறம் வேற ஆளு பாத்துக்கறோம்' என்று மட்டும் சொன்னாராம். "அவ்ளோதான், மரியாதையாத்தான் சொன்னாங்க" என்றார் அத்தா. அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு ஒரு யோசனை எனக்கு வந்தது. கேவலமான யோசனை. அந்த ஐ.சி.யை வெயிலில் வைத்துவிட்டால் ஒரு வாரத்தில் மூன்று பூஜ்யமும் போய்விடும். பிறகு நானே நினைத்தாலும் நிரூபிக்க முடியாது. என்னைத் தவிர அந்தச் சில்லைப் படிக்கத் தெரிந்த ஆள் சுற்றுவட்டாரத்தில் யாரும் கிடையாது. ஆனாலும் ஒளித்தே ஆகவேண்டும் என்று பயம் சொன்னது. சனிக்கிழமை விடுமுறை. உச்சிப் பொழுதில் கருவாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், ஒட்டை நகத்தால் நெம்பினேன். அவர் பார்த்துப் பார்த்து ஒட்டியது, லேசில் வரவில்லை. ஒரு மூலை எழும்பியது. அதற்குள் கீழே சைக்கிள் மணி கேட்டது.

அத்தா ஆபீசில். அம்மா படுத்திருந்தாள். நான் மாடிப்படியில் பாதிவரை இறங்கிவந்து நின்றேன். அவர் வாசலோடு நின்றுகொண்டார். நாலே நாளில் முகம் வற்றிப் போயிருந்தது.

"புள்ள, ஒண்ணு கேக்கணும். நீ அந்த பொட்டில எல்லாத்தியும் எழுதி வச்சிருக்கியே. நான் அன்னிக்கி இன்னா தப்பு பண்ணேன்னு அதுல எழுதியிருக்குமா?"

நான் உள்ளங்கையை மூடிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியணும்மா. எந்தப் பட்டன், எப்பிடிப் பட்டுச்சின்னு. நெனச்சி நெனச்சிப் பாக்குறேன், நெனப்பு வர மாட்டேங்குது. தொழுகையில நின்னாலும் அதான் வருது. வேலை போனா போவட்டும். இன்னா பண்ணேன்னு தெரியாமலே போறதுதான் தாங்கல."

ஐ.சி. என் உள்ளங்கையில்தான் இருந்தது. கால்கள் குத்தின. சொன்னேன். பூஜ்யத்தைச் சொன்னேன், அடிகளைச் சொன்னேன். பதினான்கு விநாடியைச் சொன்னேன். முழுதும் அவருக்குப் புரிந்திருக்காது. ஒன்றே ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான் தொடச்சது இல்லியா?"

"இல்ல மாமா."

"வெரலு பட்டுருந்தா?"

"பட்டிருந்தாலும் இப்பிடி ஆவாது. நான் செஞ்சது மாமா. நீங்க வச்சிப் பாக்கச் சொன்னீங்க. நான்தான் பாக்கல."

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. "இன்னொரு தபா சொல்லு" என்றார். சொன்னேன்.

பிறகு நான் கேட்டேன். "ஜமாத்துல சொல்லணுமா மாமா?" இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை எப்படியெல்லாமோ நினைத்துப் பார்த்திருக்கிறேன். 'சொல்லிவிடுகிறேன்' என்று நான் சொல்லவில்லை. 'சொல்லணுமா' என்றுதான் கேட்டேன். வேண்டாம் என்ற பதிலை வாங்குவதற்காகவே அப்படிக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். நான் பயந்திருந்தது ஊருக்கே தெரிகிற மாதிரிதான் இருந்திருக்கும். பயத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஏதுமில்லை.

"வாணாம் புள்ள. எனக்குத் தெரிஞ்சா போதும்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போனவர், திரும்பி வந்தார். இறங்கவில்லை, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"நெசமா நான் இல்லதானே?"

"இல்ல மாமா."

தலையாட்டிவிட்டுப் போனார். பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் விழுப்புரம் பக்கம் எங்கேயோ போய்விட்டார். தெரு முழுதும் ஒரே நாளாக வைத்து அந்த நோன்பைத் திருப்பிப் பிடித்தது; நானும் பிடித்தேன். புது ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சுவிட்சை அழுத்தினார். கடலூர்க்காரர்கள் வந்தார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், பெண் வேலைக்குப் போவது பிடிக்கவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். அவர்தான் வேண்டாம் என்றாரே என்று இருந்துவிட்டேன். சில வருடம் கழித்து அவர் இறந்த செய்தியை அத்தா ஏதோ பேச்சுக்கு நடுவில் சொன்னார். "பாவம், கை பதறுற ஆளு, அந்த வருசம் நோன்பக் கெடுத்தாரே" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதையும் சேர்த்தே சொன்னார். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் எடுத்ததில்லை.

இப்போது புதுச்சேரியில் மகன் வீட்டில் இருக்கிறேன். நோன்பு திறக்கும் நேரத்தை ஆளாளுக்குக் கைபேசி விநாடி சுத்தமாகச் சொல்கிறது. பேத்தி அதை மடியில் வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருப்பாள். பாங்கு ஒலித்ததும் எல்லோரும் பழத்தை எடுப்பார்கள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஒரு வாய்த் தண்ணீருக்கு முன்னால் இன்னொரு தடவை பார்ப்பேன். "ஆச்சும்மா, குடிங்க" என்பான் மகன். பயம் தெளிந்து குடிப்பதற்குள் அவர்கள் பாதிக் கஞ்சி முடித்திருப்பார்கள்.

அந்த ஐ.சி.யில் எழுதியது பத்து வருடம் நிற்கும் என்று அன்றைக்குப் புத்தகத்தில் போட்டிருந்தது. உள்ளே அந்த மூன்று பூஜ்யமும் இன்னும் இருக்கிறதோ என்னவோ. படித்துப் பார்க்கும் கருவி இல்லை; இருந்தாலும் படிக்கமாட்டேன். இந்த வீட்டுக்கும் மொட்டைமாடி இருக்கிறது, வெயிலுக்கும் குறைவில்லை. எழும்பிய மூலையை அவ்வப்போது கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறேன். படிந்து, மறுபடி எழும்பிவிடுகிறது. மற்ற மூன்று மூலையும் அவர் சொன்னபடி பூட்டு மாதிரிதான் நிற்கிறது. அந்த ஜமாத்தில் இருந்தவர்களில் நாலைந்து பேர் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளைகள் இருக்கிறார்கள். அன்றைக்குக் கேட்டைத் தாண்டினவளுக்குக் கூட்டத்துக்கு முன்னால் வந்து நிற்கத் தைரியம் வரவில்லை, இப்போது எழுதுகிறேன். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து கேட்டீர்களே மாமா, நிஜமாக நான் இல்லைதானே என்று. நீங்கள் இல்லை. நான்தான்.